காப்பீட்டு அட்டையும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியும்

வடசென்னையில் வயதானவர்கள் பலர் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். 1782 வாக்கில் சென்னைப் பட்டணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது. கஞ்சிக்கு வந்தவர்களில் பலர் நோயாளிகளாகவும் இருந்ததால் சத்திரத்தோடு மருந்தும் சேர்ந்தது. பிற்காலத்தில் அங்கே மருத்துவப் பள்ளி வந்தது. 1930-களில் ஆளுநர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டு, அது கல்லூரியாகவும் உயர்ந்தது. பசிக்கும் பிணிக்கும் ஒரே வாசலில் பதில் சொல்ல வேண்டியிருந்த அந்தத் தொடக்கம்தான் இந்தப் பகுதியின் அரசு மருத்துவ வரலாறு.

இந்தப் பழைய பெயரிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மக்களின் மருத்துவச் செலவில் அரசின் பொறுப்பு என்ன என்ற பேச்சு இன்று எழுந்தால், அது பெரும்பாலும் அரசு தரும் மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. எத்தனை லட்சம், எந்த மருத்துவமனை, எந்தெந்த நோய்க்கு என்பவையே முதல் கேள்விகளாக வருகின்றன. அவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் அட்டையின் பணம் போய்ச் சேரும் இடமும், நோயாளி வீட்டுப் பணம் கரையும் இடமும் வெவ்வேறாக இருக்கின்றன. அரசின் பங்கைப் புரிந்துகொள்வதற்கு இந்த வேறுபாட்டையே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவத்தில் ஓர் அரசு மூன்று விதமாகத் தலையிட முடியும். தானே மருத்துவமனை கட்டி, மருத்துவரையும் செவிலியரையும் சம்பளத்துக்கு அமர்த்தி, மருந்து வாங்கிக் கொடுக்கலாம். அல்லது சிகிச்சையை யார் அளித்தாலும் அதற்கான கட்டணத்தைத் தான் செலுத்தலாம். இந்த இரண்டோடு, தனியார் மருத்துவமனைகளின் தரத்தையும் மருந்துகளின் விலையையும் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம். பிரிட்டன் 1948 ஜூலை 5 முதல் முதலாவது வழியில் நடந்தது. மருத்துவமனைகளை அரசுடைமையாக்கி, வரிப்பணத்தில் அனைவருக்கும் சிகிச்சை கொடுத்தது. ஜெர்மனி அதற்கு வெகு முன்பே, 1883-இல், தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்தும் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியிருந்தது. இந்தியா இந்த இரண்டில் எதையும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொள்ளும் எண்ணம் மட்டும் பெரிதாகவே இருந்தது. 1943-இல் அமைக்கப்பட்ட ஜோசப் போர் தலைமையிலான குழு, பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் போதிய மருத்துவ உதவி மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை 1946-இல் தன் அறிக்கையின் அடிப்படையாக வைத்தது. நீண்ட காலம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர். அரசமைப்புச் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் மருத்துவமனைகளையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று என்று 47ஆம் பிரிவில் எழுதியது. அந்தப் பிரிவை வைத்துக்கொண்டு நேரடியாக நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றாலும், 1996-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழியைத் திறந்தது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பிழைத்தார். உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆம் பிரிவின்படி அவசரச் சிகிச்சை அளிக்க அரசு கடமைப்பட்டிருக்கிறது என்றும், நிதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது என்றும் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது.

ஆக, கடமை என்பது சட்டத்தில் இருக்கிறது. அது எவ்வகையில் யாருக்கு வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். வடசென்னையின் ஏதாவதொரு தெருவில் நாலு வீட்டைப் பார்த்தால் போதும். ஒரு வீட்டில் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவர் இருப்பார். அவர் குடும்பத்துக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார்; அவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. மூன்றாவது வீட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. நான்காவது வீட்டில் சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவர். அவரிடம் எதுவும் இல்லை, அல்லது போன வருடம் வரை கட்டி நிறுத்திவிட்ட ஒரு தனியார் பாலிசி இருக்கும். நால்வருக்கும் ஒரே கொசு கடித்து ஒரே டெங்கு வந்தாலும், நான்கு வெவ்வேறு வாசல்களில் போய் நிற்க வேண்டும்.

இவற்றில் காப்பீடு என்ற முறையில் இ.எஸ்.ஐ.தான் மூத்தது. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம், இந்தியாவில் தொழிலாளிக்குக் கிடைத்த முதல் பெரிய மருத்துவக் காப்பீடு. வடசென்னைக்கு அதில் தனி உறவு உண்டு. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. நோய்வாய்ப்பட்ட தொழிலாளியைக் கைவிடக் கூடாது என்ற எண்ணம் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு இத்தகைய சங்கங்கள் நாடெங்கும் நடத்திய போராட்டங்கள்தாம் அடித்தளம். இன்று அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியின் பங்காக 3.25 விழுக்காடும் கட்டப்படுகின்றன. இந்தத் திட்டத்தின் உண்மையான சிறப்பு அறுவைச் சிகிச்சையில் இல்லை. காய்ச்சலுக்கான மருந்திலிருந்து பெரிய சிகிச்சை வரை ஒரே திட்டத்தில் அடங்குவதும், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை கொடுப்பதும்தான் அதன் பெருமை. வேறெந்த அரசுக் காப்பீட்டு அட்டையும் இந்த அளவுக்குச் செய்வதில்லை.

ஆனால் இ.எஸ்.ஐ. வேலையோடு ஒட்டிய உரிமை. வேலை போனால் சிறிது காலத்தில் அதுவும் போய்விடும். பின்னி மில் என்று நாம் அழைத்த அந்த ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. அதைப் போலவே இந்தப் பகுதியின் நிரந்தர வேலைகள் பல ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒப்பந்த வேலையாகவும் தினக்கூலியாகவும் ஆயின. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறை, காசிமேட்டுப் படகு, வீட்டு வேலை, சுமை தூக்கும் வேலை ஆகிய எதுவும் பொதுவாக இந்தத் திட்டத்துக்குள் வருவதில்லை. சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. விலைவாசி ஏறியபோதும் அந்த வரம்பு பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. ஆயிரம் ரூபாய் ஊதிய உயர்வு கிடைத்ததால் குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பையே இழந்தவர்களை நான் அறிவேன். ஊதிய உயர்வு வந்த மாதத்தில் மகிழ்ச்சி அடைந்தவர்கள், பங்களிப்புக் காலம் முடிந்தபின் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குக் கடையில் காசு கொடுக்க நேர்ந்தபோதுதான் கணக்குப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் காப்பீடு என்பதன் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். நம் பகுதியில் சீட்டுக் கட்டாத வீடு குறைவு. சீட்டில் இருபது பேர் பணம் போட்டால், இருபது மாதத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும்; போட்டது கையில் திரும்பும். காப்பீடு அப்படி அல்ல. அங்கே எல்லோரும் போடுவார்கள், நோயில் விழுந்தவர் மட்டும் எடுப்பார். மற்றவர்களுக்கு முறை வராமல் இருப்பதே நல்லது. "கட்டின காசு வீண்" என்று பாலிசியை நிறுத்துகிறவர்கள் சீட்டின் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறார்கள். இதனால் ஒரு சிக்கல் எழுகிறது: உடம்பு நன்றாக இருப்பவர் விலகிப்போக, நோய் உள்ளவர் மட்டும் சேர வருவார். கம்பெனி நட்டப்படும், ஆகவே அது சந்தாவை உயர்த்தும், அல்லது ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குச் சில ஆண்டுகள் பணம் தராது. அந்தக் காத்திருப்புக் காலத்தின் உச்ச அளவு 2024-இல்தான் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவின் மீது இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல்தான் நீக்கப்பட்டது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஐம்பத்தைந்து வயது மீன் வியாபாரம் செய்யும் பெண்மணியைச் சந்தை தானாக வரவேற்காது. நோயுற்றவரையும் உடல்நலம் உள்ளவரையும், வயதானவரையும் இளையவரையும் ஒரே தொகுப்பில் கட்டிவைக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு. காப்பீட்டில் அரசு இறங்குவதற்கான பொருளாதாரக் காரணம் இதுதான்.

தமிழ்நாடு அதில் இறங்கியது 2009-இல். ஆந்திரத்தில் 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம் முன்மாதிரியாக இருந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், ஆட்சி மாறிய பின் 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டும் இணைக்கப்பட்டன. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பெயர்கள் மாறினாலும், இரு பெரும் கட்சிகளின் ஆட்சியிலும் திட்டம் நிறுத்தப்படாமல் விரிந்துவந்தது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். மக்கள்நலத் திட்டங்களில் இது எளிதாக வாய்ப்பதில்லை.

இந்தத் திட்டத்தில் சந்தாவைக் குடும்பத்தின் சார்பில் அரசு கட்டுகிறது. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி அது குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய், 1.37 கோடிக் குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாயைத் தாண்டும். பணத்தைப் பெறும் காப்பீட்டு நிறுவனம், பட்டியலில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு, முன்கூட்டியே நிர்ணயித்த தொகுப்புக் கட்டணத்தை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குச் செலுத்துகிறது. நோயாளி சேர்ந்ததும் மருத்துவமனை விவரங்களைக் கணினியில் ஏற்றி முன்அனுமதி கேட்கும். அனுமதி வந்தபின் சிகிச்சை நடக்கும். உறுப்பு மாற்று போன்ற மிகப் பெரிய செலவுகளுக்கு அரசு தனியாக ஒரு நிதியை வைத்திருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று ஒதுக்குவது இதில் இல்லை.

அட்டை வாங்க, சென்னை மாவட்டத்தவர் பாரிமுனைக்குப் பக்கத்தில், ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சிங்காரவேலர் மாளிகை என்று அந்தக் கட்டடத்துக்குப் பெயர்; 1923-இல் இதே சென்னையில் மே தினக் கொடியேற்றிய தொழிலாளர் தலைவரின் பெயர் அது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் சிக்கலானது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய். பிறகு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது மாதம் பத்தாயிரம். இரண்டு பேர் வேலைக்குப் போகும் எந்த வீட்டிலும் அந்தத் தொகை வந்துவிடும். இ.எஸ்.ஐ.யின் 21,000 வரம்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் பதினெட்டாயிரம் சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநர் அட்டைக்குத் தகுதியில்லாத அளவுக்கு வசதியானவர். முதலாளி என்று ஒருவர் இல்லாததால் இ.எஸ்.ஐ.க்கும் தகுதியில்லாதவர். நாடு முழுவதும் இப்படி நடுவில் விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. சம்பளச் சீட்டே இல்லாத ஒருவரின் வருமானத்தை ஓர் அலுவலர் எப்படி அளப்பார்? இரக்கமுள்ள அலுவலர் வாய்த்தால் குறைத்து எழுதுகிறார், வாய்க்காவிட்டால் இல்லை. ஒரு குடும்பத்தின் அறுவைச் சிகிச்சை அந்த ஒரு வரியைச் சார்ந்து நிற்பது நியாயமல்ல. வருமான வரம்பையே எடுத்துவிட்டு ரேஷன் கார்டையே ஆதாரமாகக் கொள்வது நிர்வாகத்துக்கும் எளிது, மக்களுக்கும் எளிது. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் காப்பீடு தரும் முடிவை 2024 அக்டோபரில் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது இந்தக் கொள்கை ஒரு வயதுப் பிரிவுக்காவது ஏற்கப்பட்டுவிட்டது.

நம் பகுதியில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஸ்டான்லியில் எல்லாமே இலவசம்தானே, அங்கேயும் எதற்குக் கார்டு கேட்கிறார்கள்?" கேள்வி நியாயமானது. பதில் இது: அட்டை வைத்திருக்கும் நோயாளிக்கு அரசு மருத்துவமனை சிகிச்சை செய்தால், தனியாருக்குக் கிடைப்பதுபோல் அதற்கும் தொகுப்புக் கட்டணம் வருகிறது. அந்தப் பணத்தில் கருவிகளும் உபகரணங்களும் வாங்கலாம். பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. வேறு விதமாகச் சொன்னால், அட்டையைக் காட்டும் நோயாளி தன் மருத்துவமனைக்குப் பணம் கொண்டுவருகிறார். அட்டை இல்லை என்பதற்காக அங்கே சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. ஆனால் அதே அட்டையோடு அவர் தனியார் மருத்துவமனைக்குப் போனால் பொதுப்பணம் அங்கே போகிறது. அரசு மருத்துவமனையில் படுக்கையும் ஆளும் போதாமல் இருந்தால் மக்கள் தனியாரை நாடுவார்கள். அவர்களோடு பணமும் போகும். போனால் அரசு மருத்துவமனை இன்னும் தளரும். காப்பீடு நல்லதா, அரசு மருத்துவமனை நல்லதா என்று எதிரெதிராக வைப்பவர்கள் இந்தச் சுழலைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கவும் செய்யலாம், அரிக்கவும் செய்யலாம்.

ஸ்டான்லி போன்ற ஒரு நிறுவனம் எதற்காக வலுவாக இருக்க வேண்டும் என்பதற்கு அதன் கை அறுவைச் சிகிச்சைத் துறையே சான்று. ஆலைகளும் பட்டறைகளும் சூழ்ந்த இந்தப் பகுதியிலிருந்து இயந்திரத்தில் சிக்கி நசுங்கிய கைகளோடு தொழிலாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக் காயங்களுக்கென்றே அங்கே ஒரு தனிப் பிரிவை உருவாக்கினார். அது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து கற்கும் துறையாக வளர்ந்தது. அப்படி ஒரு பிரிவை எந்தத் தொகுப்புக் கட்டணமும் உருவாக்கியிராது. எந்தச் சிகிச்சை லாபம் தரும் என்று பார்க்காமல், வாசலில் வந்து நிற்கும் காயம் எது என்று பார்த்த ஒரு பொது நிறுவனத்தால்தான் அது முடிந்தது.

இனி, பணம் கரையும் இடத்துக்கு வருகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கூலிக்குப் போகும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மாசி மாதத்தில் நெஞ்சில் அடைப்பது போல் இருந்தது. தடைக்காலம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், எங்கள் பக்கத்தில் கண்ணாடி மாற்றுவது, பல் பிடுங்குவது, குடலிறக்க ஆபரேஷன் எல்லாமே அந்த இரண்டு மாதத்துக்குத்தான் ஒத்திவைக்கப்படும். இடையில் வலி கூடியபோது பக்கத்துக் கிளினிக்குகளுக்குப் போனார். வாயு என்று ஒரு இடத்தில் ஊசி. இன்னொரு இடத்தில் ஐந்து வகை மாத்திரை. தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம், ஈ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன். கடைசியில் ஸ்டான்லிக்குப் போய், அட்டையின் பேரில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், இன்று நடமாடுகிறார். அவர் மனைவியிடம் செலவைக் கேட்டேன். "ஆபரேசனுக்கு ஒத்த பைசா ஆவல தம்பி. அதுக்கு முன்னால ஓடினதுலதான் கம்மல் போச்சு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தியக் காப்பீட்டுத் திட்டங்களின் வடிவம் முழுவதும் இருக்கிறது. குறிப்பிட்ட சில பரிசோதனைகள் பட்டியலில் இருந்தாலும், இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகின்றன. சேர்வதற்கு முன்பான அலைச்சல், திரும்பிய பின் ஆயுள் முழுதும் விழுங்க வேண்டிய மாத்திரை, போய்வரும் ஆட்டோக் காசு ஆகியவை வெளியே நிற்கின்றன. ஏழைக் குடும்பத்துக்கோ பெரும் பாரம் அவைதாம். பெரிய செலவு எப்போதோ ஒரு முறை வருகிறது. சிறிய செலவு மாதந்தோறும் வருகிறது. இந்த இடைவெளியின் ஆழத்தை அறிய வேண்டுமானால் நம் 'அஞ்சு ரூபா டாக்டர்'களை நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் முதலில் இரண்டு ரூபாயும் பின்பு ஐந்து ரூபாயும் வாங்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்தார்; 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது வீட்டுச் சாவு போலத் தெருக்கள் அழுதன. வியாசர்பாடியில் ஸ்டான்லியில் படித்த டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் அதே வழியில் நடந்து 2020-இல் மறைந்தார். அவர்களை வணங்குகிறேன். ஆனால் அவர்களுடைய வாசலில் தினமும் அத்தனை பேர் காத்திருந்ததை அரசின் கண்ணோடு பார்த்தால், வீட்டுக்கு அருகில், வேலை முடிந்து போகக்கூடிய நேரத்தில், பொறுமையாகக் கேட்கும் ஒரு மருத்துவர் வேண்டும் என்ற தேவைக்கு ஏற்பாடு இல்லாதிருந்தது என்பது விளங்கும். தனிமனிதர்கள் இருவர் தம் வாழ்நாளைக் கொடுத்து அதை நிரப்பினார்கள்.

இதைத் தமிழ்நாடு அறியாமல் இல்லை. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக, ஒப்பந்தப்புள்ளி மூலம், பொதுப்பெயரில் வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின. 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அந்த மாத்திரைப் பட்டைகள்தாம் என் பார்வையில் இந்த மாநிலத்தின் மிகப் பரவலான மருத்துவக் காப்பு. அதற்கு விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை. வரிசையில் நின்றால் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2023 முதல் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை நேரத்திலும் திறந்திருப்பது, அஞ்சு ரூபா டாக்டர்கள் காட்டிய வழியை அரசு எடுத்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. அங்கே மருத்துவர் ஒரே ஆளாக நிலைத்திருப்பதும், ரத்தப் பரிசோதனை முடிவு அங்கேயே கிடைப்பதும் உறுதியானால், கம்மல் அடகுக் கடைக்குப் போவது பெருமளவு குறையும்.

நாட்டளவில் பார்த்தாலும் திசை நல்லதாகவே இருக்கிறது. தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாக இறங்கியது. அரசின் பங்கு 28.6-இலிருந்து 48 விழுக்காடாக ஏறியது. இதில் பிந்தைய ஆண்டு கொரோனாக் காலம் என்பதை மறக்கக் கூடாது. தடுப்பூசிக்கும் அவசர ஏற்பாடுகளுக்கும் அரசு அப்போது வழக்கத்தை மீறிச் செலவிட்டது. அந்த ஆண்டிலும் அரசின் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 விழுக்காடுதான். 2025-க்குள் 2.5 விழுக்காடு என்று 2017-இன் தேசியச் சுகாதாரக் கொள்கை வைத்த இலக்குக்கு அது எட்டாத தூரம்.

அரசு தலையிடும் மூன்றாவது வழியான கட்டுப்படுத்தலைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற நிலை போய், 30,000 ரூபாய்க்குள் வந்தது. எந்த அட்டையும் இல்லாத அந்த நான்காவது வீட்டு ஆட்டோ ஓட்டுநருக்கும் இது பயன்படும். ஒரு அரசாணை, சந்தா எதுவும் கட்டாமல், நாடு முழுவதற்கும் காப்பாக நின்றது. தனியார் பரிசோதனைக் கூடங்களின் கட்டணத்திலும் இப்படி ஒரு வரம்பு வந்தால் வடசென்னைக்குப் பெரும் நன்மை.

நோய் வராமல் காப்பதும் காப்பீட்டின் பகுதிதான். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையும் மணலி, எண்ணூர் ஆலைகளின் காற்றும் சுவாசத்தில் சேரும் பகுதியில், 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பகுதியில், மூச்சுத் திணறலுக்கு ஐந்து லட்சம் தருவேன் என்பதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடாது. காற்றை அளந்து, வரம்பு மீறியவரை நிறுத்துவதும் அதே சுகாதாரப் பொறுப்பின் இன்னொரு கை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது கூலியைப் பற்றி. இ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால ஊதியம் போன்ற ஒன்று அமைப்புசாராத் தொழிலாளிக்கு இல்லை. முன்மாதிரிகள் நம்மிடமே இருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987 முதல் ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பணம் தருகிறது. 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்த மத்திய அரசு அதை 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. நோயாளி வேலையை விட்டுச் சிகிச்சைக்கு வர வேண்டுமானால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை இந்தத் திட்டங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அட்டையின் பேரில் பெரிய சிகிச்சை பெற்றவருக்கு, அவர் மறுபரிசோதனைக்கு வரும் நாட்களுக்காவது ஒரு தொகை கொடுப்பது, ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் சந்தா கட்டும் அரசால் முடியாத காரியம் அல்ல.

எங்கள் தெரு அண்ணனுக்கு அடுத்த பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த தேதி ஆடி மாதத்தில் வருகிறது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய், மீன் நன்றாகப் படுகிற சமயம் அது. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்னைக்குப் போயிடுவீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் தம்பி," என்றார், "போட்டு எப்ப கரைக்கு வருதுன்னு இருக்குல்ல."